பழைய அடிதடி கேஸ், ஒரு டிடி ஃபைன்: அமெரிக்க டூரிஸ்ட் விசா கிடைக்குமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் திருப்பூர்க்காரர், சொந்தமாக ஒரு சின்ன பனியன் யூனிட் வைத்திருக்கிறார். 2013-ல் பொதுச்சுவர் தகராறில் பக்கத்து வீட்டுக்காரரோடு கைகலப்பு ஆகி, இந்திய தண்டனைச் சட்டம் 294(பி), 323, 506(2) (கெட்ட வார்த்தை, அடித்தது, கொலை மிரட்டல்) என்று வழக்குப் போட்டு, கைது செய்து ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். இரண்டு வருடம் வாய்தாவுக்கு அலைந்த பிறகு வக்கீல் சொன்னபடி ‘ஒத்துக்கொண்டு’ அபராதம் கட்டி முடித்துவிட்டார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து வரும்போது குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக (டிரங்க் அண்ட் டிரைவ், சுருக்கமாக டிடி) மாட்டி, பத்தாயிரம் ரூபாய் கட்டியிருக்கிறார். இப்போது டல்லாஸில் இருக்கும் மகளுக்குப் பிரசவம், மனைவியோடு போக வேண்டும். விசா படிவத்தில் கைதோ தண்டனையோ உண்டா என்று ஒரு கேள்வி வருகிறது. விசா ஏஜென்ட், “அந்தக் கேள்விக்கு இல்லைன்னு போட்டுடலாம், யாருக்குத் தெரியப் போகுது” என்று சொல்லி, அப்படியே நிரப்பியும் வைத்திருக்கிறார். போடலாமா, வேண்டாமா?

வேண்டாம். உங்கள் இரண்டு வழக்கும் நீங்கள் சொன்ன அளவுதான் என்றால், அவற்றை உள்ளது உள்ளபடி எழுதினாலும் உங்களுக்கு விசா கிடைக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறது. ஏஜென்ட் சொன்ன மாதிரி ‘இல்லை’ என்று போட்டு அது பின்னால் தெரிந்தால், விசாவைத் தடுக்காத ஒரு பழைய வழக்கை மறைக்கப் போய் ஆயுளுக்கும் தடை வாங்கிக்கொண்ட ஆளாகிவிடுவீர்கள். ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நிலையில் இருப்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர், பாதிப் பேருக்குத் தங்கள் மேல் ‘குற்றப் பதிவு’ இருப்பதே தெரியாது.

முதலில் அந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று பாருங்கள். டிஎஸ்-160 என்ற அமெரிக்க விசா விண்ணப்பப் படிவத்தில் பாதுகாப்புக் கேள்விகள் வரும் பகுதியில், எந்தக் குற்றத்துக்காகவாவது நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டோ தண்டிக்கப்பட்டோ இருக்கிறீர்களா, பின்னால் மன்னிப்போ அது போன்ற எதுவுமோ கிடைத்திருந்தாலும் சரி, என்று கேட்டிருப்பார்கள். ‘எப்போதாவது’ என்றால் எப்போதாவதுதான், பத்து வருடம் ஆனதால் காலாவதி ஆகாது. ‘கைது’ அல்லது ‘தண்டனை’, இரண்டில் ஒன்று இருந்தாலே போதும். உங்களை ஸ்டேஷனில் வைத்துக் கைது என்று எழுதி ஜாமீனில் விட்டார்கள் அல்லவா, கேஸ் பிறகு விடுதலையில் முடிந்திருந்தால்கூட பதில் ‘ஆம்’தான். அதே சமயம், யாரோ புகார் கொடுத்து, போலீஸ் சிஎஸ்ஆர் ரசீது (புகாரை வாங்கிக்கொண்டதற்கான ரசீது) மட்டும் போட்டு, இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி அனுப்பிவிட்டார்கள் என்றால் அது கைதும் இல்லை, தண்டனையும் இல்லை. அதற்குப் பயந்து ‘ஆம்’ போட வேண்டியதில்லை.

அடுத்து, ‘ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டியது’. இதில்தான் நம் ஆட்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். ஜே.எம். (ஜுடிசியல் மாஜிஸ்திரேட்) கோர்ட்டில் காலையில் பெயரைக் கூப்பிடுவார்கள், கூண்டுக்குள் போய் நிற்பீர்கள், குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார் மாஜிஸ்திரேட், வக்கீல் கண்ணைக் காட்டுவார், “ஒத்துக்கறேங்க” என்பீர்கள், ஐநூறோ ஆயிரமோ அபராதம், கட்டத் தவறினால் ஒரு வாரம் சிறை என்று படிப்பார்கள், கீழே போய்ப் பணத்தைக் கட்டி ரசீது வாங்கி, வெளியே டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். மனதில் ‘கேஸ் முடிந்தது’ என்று பதிந்துவிடும். காகிதத்தில் பதிந்திருப்பது ‘குற்றவாளி எனத் தீர்ப்பு’. ‘கோர்ட் கலையும் வரை சிறை’ என்று சொல்லி, சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்து அனுப்புவார்களே, அதுவும் தண்டனைதான், அதுவும் சிறைத் தண்டனை. நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் எச்சரித்து விட்டிருந்தால் இந்தியாவில் அதனால் வேலை முதலியவற்றுக்குத் தகுதிக் குறைவு வராது, ஆனால் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ‘தண்டனை’ என்பதற்கு வைத்திருக்கும் வரையறை அகலமானது, குற்றத்தை ஒப்புக்கொண்டு நீதிமன்றம் ஏதாவது ஒரு கட்டுப்பாடு விதித்திருந்தாலே அதற்குள் வந்துவிடலாம். மாறாக, இரண்டு தரப்பும் சமாதானமாகி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 320-வது பிரிவில் ராஜியாக முடித்திருந்தால் சட்டப்படி அது விடுதலைக்குச் சமம், ஹைகோர்ட்டில் அதே சட்டத்தின் 482-வது பிரிவில் மனுப் போட்டு எஃப்ஐஆரையே ரத்து செய்திருந்தால் இன்னும் நல்லது. அப்போதும் கைது நடந்திருந்தால் படிவத்தில் ‘ஆம்’, பக்கத்தில் ‘விடுதலை’ அல்லது ‘ரத்து’ என்று விளக்கம். (2024 ஜூலை 1-க்குப் பிறகான விஷயங்களில் பிரிவு எண்கள் மாறிவிட்டன, 323 இப்போது பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) 115(2). உங்கள் தீர்ப்பில் பழைய எண்தான் இருக்கும், அதையே எழுதுங்கள்.)

அதனால் படிவத்தைத் தொடும் முன் காகிதத்தைத் தேடுங்கள். உங்கள் விஷயத்தில் எல்லாம் அதில்தான் இருக்கிறது, காரணம் அந்த 506(2). நம் ஊரில் வாய்ச்சண்டை, கைகலப்பு என்று எது போனாலும் எஃப்ஐஆரில் 294(பி), 323, 506(2) என்று மூன்றையும் சேர்த்து எழுதுவது ஒரு வழக்கம், கெட்ட வார்த்தையில் திட்டினார், கையால் அடித்தார், கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார் என்று புகாரின் கடைசி வரி எல்லா ஸ்டேஷனிலும் ஒரே மாதிரி இருக்கும். மூன்றின் கனமும் ஒன்றல்ல. 294(பி)-க்கு அதிகபட்சம் மூன்று மாதம். 323-க்கு ஒரு வருடம். 506-ன் இரண்டாம் பகுதிக்கு ஏழு வருடம். எஃப்ஐஆரில் இருந்த 506(2) குற்றப்பத்திரிகையில் 506(1) ஆகக் குறைந்திருக்கலாம், தீர்ப்பில் அது நிரூபணம் ஆகவில்லை என்று விட்டுவிட்டு 323-க்கு மட்டும் அபராதம் போட்டிருக்கலாம். நீங்கள் அன்று காதில் வாங்கியது ‘ஃபைன் ஆயிரம்’ மட்டும். எந்தப் பிரிவுக்கு எவ்வளவு என்று தீர்ப்பைப் பார்த்தால்தான் தெரியும், அதைப் பார்க்காமல் என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியாது, உங்கள் ஏஜென்ட்டாலும் முடியாது.

எப்படி எடுப்பது? இ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ ஆப்பிலோ மாவட்டம், கோர்ட் தேர்ந்தெடுத்து உங்கள் பெயரையோ எஃப்ஐஆர் எண்ணையோ போட்டுத் தேடுங்கள், 2013 வழக்கு என்பதால் கிடைக்க வாய்ப்பு உண்டு. சிசி எண்ணோ எஸ்டிசி எண்ணோ (கோர்ட் கொடுத்த வழக்கு எண்) கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அன்றைக்கு ஆஜரான வக்கீலிடமே, அவர் இல்லை என்றால் வேறொருவரிடம் சொல்லி நகல் மனு போட்டு, எஃப்ஐஆர், குற்றப்பத்திரிகை, தீர்ப்பு மூன்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள், கோர்ட் முத்திரையோடு. போலீஸ் இணையதளத்தில் எஃப்ஐஆர் இறக்கலாமே என்பார்கள், ஆனால் எஃப்ஐஆரை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னதே 2016-ல்தான், 2013 எஃப்ஐஆரை அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பழைய கட்டுகளை ஒரு காலத்துக்குப் பிறகு கோர்ட்டே அழித்துவிடுவதும் உண்டு. அப்படி அழித்துவிட்டார்கள் என்றால், பதிவு அழிக்கப்பட்டது என்று அவர்கள் மனுவில் எழுதித் திருப்பிக் கொடுப்பதையே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு ஆவணம். அபராத ரசீது வீட்டில் எங்கேயாவது பீரோவில் கிடந்தால் தங்கம். கிடைத்ததை எல்லாம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவர் சரியானது என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். எஃப்ஐஆர் கையெழுத்துப் பிரதியாக இருந்தால் பொறுமையான ஆளாகப் பார்த்துக் கொடுங்கள், ஏட்டையா எழுத்து என்பது தனி லிபி.

சரி, காகிதம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கச் சட்டம் அதை எப்படிப் பார்க்கும்? அவர்கள் எல்லாக் குற்றத்தையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. உள்ளே வரவே தகுதியில்லை என்று சொல்வதற்கு முக்கியமாக இரண்டு வகை: ஒன்று போதைப்பொருள், இன்னொன்று ‘ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றம்’ என்று அவர்கள் சொல்வது, அதாவது மோசடி, திருட்டு, ஏமாற்றும் நோக்கம், பெரிய காயம் ஏற்படுத்தும் வன்முறை, பாலியல் குற்றங்கள் இந்த மாதிரி. இவை போக, எந்த வகைக் குற்றமாக இருந்தாலும், இரண்டோ அதற்கு மேலோ குற்றங்களுக்கான சிறைத் தண்டனைகளைக் கூட்டினால் ஐந்து வருடமோ அதற்கு மேலோ வருகிறது என்றால் அதுவும் தடை. கையால் அடித்ததற்கான சாதாரண 323 பொதுவாக அந்த ஒழுக்கக்கேட்டு வகையில் வராது. வந்துவிட்டதாகவே வைத்தாலும் சின்னக் குற்றத்துக்கு ஒரு விலக்கு இருக்கிறது: அப்படி ஒரே ஒரு குற்றம்தான் செய்திருக்க வேண்டும், அதற்குச் சட்டத்தில் உள்ள உச்ச தண்டனை ஒரு வருடத்தைத் தாண்டக் கூடாது, உங்களுக்குக் கொடுத்த தண்டனை ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. 323-க்கு உச்சம் ஒரு வருடம், உங்களுக்குச் சிறையே இல்லை. இப்போது தெரிகிறதா, தீர்ப்பில் 506(2) இருக்கிறதா இல்லையா என்று நான் ஏன் அவ்வளவு குடைகிறேன் என்று. கொலை மிரட்டலுக்குத் தண்டனை என்றால் அதை அதிகாரி அந்த வகையில் சேர்க்க இடம் உண்டு, உச்ச தண்டனை ஏழு வருடம் என்பதால் விலக்கும் கைகொடுக்காது. அப்போதும் வழி அடைபடுவதில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அப்படி என்றால் படிவம் போடும் முன்பே அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலிடம், மகள் அங்கேயே ஒருவரைப் பிடிக்கட்டும், ஒரு மணி நேரம் பணம் கொடுத்துப் பேசிவிடுவது நல்லது.

அப்புறம் டிடி கேஸ். இதை நம்மவர்கள் ஹெல்மெட் ஃபைன் மாதிரி நினைத்துவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு சிறைத் தண்டனைக்கு இடம் உள்ள பிரிவு, முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் அபராதம் அல்லது இரண்டும். நீங்கள் ஊதிய மெஷின் நூறு மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராமைத் தாண்டிக் காட்டியிருக்கும், வண்டியைப் பிடித்து வைத்திருப்பார்கள், கோர்ட்டில் கட்டி வண்டியை எடுத்திருப்பீர்கள். அது தண்டனைதான், எழுதுங்கள். சிக்னலில் நிற்காமல் போனதற்கு, நோ பார்க்கிங்குக்கு வந்த சலான் எல்லாம் இந்தக் கணக்கில் வராது.

வெறுமனே குடித்துவிட்டு வண்டி ஓட்டியது ஒழுக்கக்கேட்டு வகையில் வருவதில்லை, அதனால் அதை வைத்தே ‘குற்றவாளி, தகுதியில்லை’ என்று நிராகரிப்பது வழக்கம் இல்லை. அவர்கள் அதைப் பார்க்கும் கண் வேறு, உடல்நலக் கண். கடந்த ஐந்து வருடத்துக்குள் மது தொடர்பான கைதோ தண்டனையோ ஒன்று இருந்தால், அல்லது பத்து வருடத்துக்குள் இரண்டு இருந்தால், தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் அனுப்பிப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் நடைமுறை. உங்களுடையது மூன்று வருடம்தான் ஆகிறது, ஆகவே இன்டர்வியூ முடிந்ததும் ஒரு சீட்டைக் கொடுத்து மருத்துவப் பரிசோதனைக்குப் போகச் சொன்னால் பதறாதீர்கள், அது நிராகரிப்பு இல்லை. அங்கே மருத்துவர் கேட்பது குடிப்பழக்கம் எப்படி, எவ்வளவு, அதனால் வேறு ஏதாவது வம்பு நடந்திருக்கிறதா என்பதுதான். இங்கேயும் உண்மையைச் சொல்லுங்கள். தினமும் குடித்துத் தகராறு செய்யும் ஆள் என்று தெரிந்தால்தான் சிக்கல், வரவேற்பில் இரண்டு பெக் போட்டுவிட்டு வண்டி எடுத்தேன் என்பது அவர்களுக்குப் புதிய கதையே இல்லை. ஆனால் இதற்கு நேரம் பிடிக்கும், பிரசவத் தேதியை மனதில் வைத்து முன்கூட்டியே ஆரம்பியுங்கள்.

படிவத்தில் ‘ஆம்’ என்று போட்டதும் விளக்கம் எழுத ஒரு கட்டம் திறக்கும். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். அங்கே கதை வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரன் எவ்வளவு மோசமானவன் என்ற வரலாறு வேண்டவே வேண்டாம். 2013-ல் அண்டை வீட்டாருடன் எல்லைச் சுவர் பற்றிய தகராறில் சிறு காயம் ஏற்படுத்தியதாக வழக்கு, இந்திய தண்டனைச் சட்டம் இன்ன பிரிவு, இன்ன நீதிமன்றம், வழக்கு எண், இன்ன தேதியில் இவ்வளவு அபராதம், கட்டப்பட்டது, சிறைத் தண்டனை இல்லை. இன்ன வருடம் மோட்டார் வாகனச் சட்டம் 185, அபராதம் பத்தாயிரம், கட்டப்பட்டது. இவை தவிர வேறு வழக்கு இல்லை, ஆவணங்கள் கைவசம் உள்ளன. இவ்வளவு போதும். அப்புறம், படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா என்று கடைசியில் ஒரு கேள்வி வரும், அதற்கும் ஏஜென்ட் பெயரைப் போட்டு ‘ஆம்’ என்று சொல்லுங்கள். கையெழுத்து உங்களுடையது, ஏஜென்ட் பொய் போட்டால் மாட்டுவது அவரில்லை. அவர் ஏற்கெனவே சமர்ப்பித்துவிட்டார் என்றாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை, புதிதாக ஒரு டிஎஸ்-160 சரியாக நிரப்பி, அந்தப் புதிய எண்ணை அப்பாயின்ட்மென்ட்டில் மாற்றிவிட்டு இன்டர்வியூவுக்குப் போகலாம். அங்கே அதிகாரி பிடிப்பதற்கு முன்னால் நீங்களே திருத்துவதும், பிடித்த பிறகு விழிப்பதும் ஒன்றல்ல.

சென்னை ஜெமினி அருகில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இன்டர்வியூவைத் தமிழிலேயே பேசலாம், அதனால் மொழி பயம் வேண்டாம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிவெடுக்கிற ஆள். வழக்கைப் பற்றிக் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் சொல்லி, ஃபைலில் முதலாவதாகத் தீர்ப்பு நகலை வைத்திருந்து, கேட்டால் நீட்டுங்கள். கேட்காவிட்டால் தானாக அவிழ்க்க வேண்டாம், படிவத்தில் எழுதியாகிவிட்டது, அவர் படித்திருப்பார். இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்: வழக்கு உள்ளவர்களுக்கு விசா கிடைக்காமல் போனால் அதற்கு வழக்கு காரணம் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள், ஆனால் பெரும்பாலான டூரிஸ்ட் விசா நிராகரிப்பு அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி)-யில் நடப்பது, அதாவது திரும்பி வருவீர்கள் என்ற நம்பிக்கை அதிகாரிக்கு வரவில்லை என்பது. யூனிட் யார் பெயரில், ஜிஎஸ்டி கட்டுகிறீர்களா, வேலைக்கு எத்தனை பேர், நீங்கள் இல்லாதபோது யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் தங்குவீர்கள் என்ற கேள்விகளுக்குத்தான் நீங்கள் அதிகம் தயாராக வேண்டும். வழக்கைப் பற்றி மட்டுமே ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுப் போய், ‘என்ன தொழில்’ என்று கேட்டதும் தடுமாறி நிற்பவர்கள் உண்டு.

221(ஜி) என்று ஒரு சீட்டுக் கொடுத்தால், இன்னும் ஆவணம் வேண்டும் அல்லது பரிசீலனையில் இருக்கிறது என்று அர்த்தம். ஒருவேளை 506(2) காரணமாகவோ வேறெதனாலோ தகுதியில்லை என்று முடிவெடுத்தால், டூரிஸ்ட் விசாவுக்கு 212(டி)(3) என்ற விலக்கு இருக்கிறது. அதிகாரியே பரிந்துரைத்து அமெரிக்க எல்லைப் பாதுகாப்புத் துறைக்கு அனுப்புவார், அவர்கள் பார்ப்பது மூன்று: இவரை உள்ளே விட்டால் யாருக்காவது ஆபத்தா, செய்தது எவ்வளவு பெரிய குற்றம், எதற்காக வருகிறார். பத்து வருடத்துக்கு மேல் பழைய சுவர்த் தகராறு, மகளுக்குப் பிரசவம் என்பது இந்த மூன்றிலும் மோசமாக நிற்காது. மாதக்கணக்கில் ஆகும் என்பதுதான் தொல்லை. ‘எனக்கு விலக்குக்குப் பரிந்துரை செய்யுங்கள்’ என்று நீங்களே கேட்கலாம், தப்பில்லை.

இப்போது ஏஜென்ட் கேட்ட ‘யாருக்குத் தெரியும்’ என்ற கேள்விக்கு வருகிறேன். டூரிஸ்ட் விசாவுக்கு பிசிசி (போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட்) கேட்பதில்லை, நம் பாஸ்போர்ட் அலுவலகமும் டூரிஸ்ட் விசாவுக்கு என்று பிசிசி தருவதில்லை, அந்த தைரியத்தில்தான் அவர் பேசுகிறார். முதல் தடவை மாட்டாமலே போகலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் இ-கோர்ட்ஸில் உங்கள் பெயரை யார் வேண்டுமானாலும் தேடலாம். சுவர்த் தகராறில் எதிர்த்தரப்பாக இருந்தவர் ஒரு மெயில் போட்டால் போதும், அப்படி எழுதிப் போடுகிறவர்கள் நம் ஊரில் குறைவில்லை. அதெல்லாம் நடக்கவில்லை என்றே வைத்தாலும், மகள் நாளைக்கு அமெரிக்கக் குடியுரிமை வாங்குவாள், ‘அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு போடறேன்’ என்பாள். அப்போது பிசிசி கட்டாயம். போலீஸ் சரிபார்ப்பில் 2013 வழக்கு வரும், அதே கேள்வி அந்தப் படிவத்திலும் வரும், பழைய டிஎஸ்-160-ல் ‘இல்லை’ என்று இருப்பது அவர்கள் திரையில் இருக்கும். முக்கியமான உண்மையை மறைத்து விசா பெற்றார் என்று முடிவெடுத்தால் அந்தத் தடைக்குக் காலக்கெடு கிடையாது.

இதில் ஏஜென்ட் யாரும் சொல்லாத ஒரு கொக்கி இருக்கிறது. கிரீன் கார்டு கட்டத்தில் அந்தப் பொய்க்கு விலக்கு கேட்க வேண்டுமென்றால், அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்தவராகவோ இருக்கும் உங்கள் கணவனோ மனைவியோ, அல்லது உங்கள் அப்பா அம்மாவோ, நீங்கள் இல்லாவிட்டால் கடும் துன்பப்படுவார்கள் என்று காட்ட வேண்டும். பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இல்லை. மகள் எவ்வளவு அழுதாலும் அதைக் கணக்கில் எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆயிரம் ரூபாய் அபராதத்தை மறைக்கப் போய், பேரப்பிள்ளையோடு போய் இருக்கும் வழியை அடைத்துக்கொள்வது என்பது இதுதான்.

தண்டனையே இல்லாமல், சொன்ன வார்த்தையாலேயே சிக்கல் வந்ததும் உண்டு. பிரிட்டனின் பிரபல சமையல் நிகழ்ச்சிக்காரர் நைஜெல்லா லாசன், ஒரு வழக்கில் சாட்சி சொல்லும்போது முன்பு கொக்கைன் எடுத்ததாக ஒப்புக்கொண்டார், அவர்மேல் வழக்கே இல்லை. 2014-ல் லண்டனில் அமெரிக்கா போகும் விமானத்தில் ஏற விடாமல் திருப்பி அனுப்பினார்கள். பிறகு முறைப்படி விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள். போதைப்பொருள் விஷயத்தில் அவர்கள் எவ்வளவு கறார் என்பதற்குச் சொல்கிறேன், கஞ்சா கேஸ் உள்ள தம்பிகள் இந்தப் பதிலைப் படித்துவிட்டு ‘நமக்கும் கிடைக்கும்’ என்று கிளம்பிவிட வேண்டாம், அது வேறு கணக்கு.

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருப்பவர்களுக்கு விசாவை விட முந்தின தலைவலி பாஸ்போர்ட். பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) படி குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். வெறும் எஃப்ஐஆர், விசாரணை நிலையில் இருப்பது இதில் வராது, கோர்ட் வழக்கைக் கோப்பில் எடுத்திருந்தால்தான் நிலுவை என்று கணக்கு. நிலுவையில் இருந்தால் அந்தக் கோர்ட்டிலேயே மனுப் போட்டு வெளிநாடு செல்ல அனுமதி ஆணை வாங்கினால் பாஸ்போர்ட் கொடுப்பார்கள், ஆணையில் காலம் குறிப்பிடாவிட்டால் ஒரு வருடத்துக்கு மட்டும். அதனால் மனுவிலேயே எத்தனை வருடத்துக்கு என்று வக்கீலைக் கேட்க வைக்க வேண்டும், பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள். பாஸ்போர்ட் படிவத்தில் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பதற்கு இரண்டு வருடம் வரை சிறை உண்டு, ஒரு சின்ன கேஸை மறைக்கப் போய் ஒரு புது கேஸ். ஜாமீன் நிபந்தனையில் வெளிநாடு போகக் கூடாது என்று இருக்கிறதா, லுக்அவுட் நோட்டீஸ் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், குறிப்பாக 498ஏ (மனைவியைக் கொடுமைப்படுத்தியது) வழக்கு உள்ளவர்கள். விசா ஸ்டாம்ப் கையில் இருந்தும் மீனம்பாக்கம் இமிகிரேஷன் கவுன்டரில் திருப்பி அனுப்பப்பட்டால் டிக்கெட் பணமும் போகும், மானமும் போகும்.

கொரோனா ஊரடங்கில் வெளியே சுற்றியதற்கு 188 (அரசு உத்தரவை மீறியது) போட்டார்களே, அதைப் பற்றியும் கேட்கிறார்கள். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அந்த வகை வழக்குகளில் பெரும்பாலானவற்றைக் கைவிடுவதாக அறிவித்தது. உங்களுடையது உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்று இ-கோர்ட்ஸில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அறிவிப்பை நம்பி இருக்க வேண்டாம்.

வேறு நாடுகளைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. கனடாதான் டிடி கேஸுக்கு மிகக் கடுமை: 2018 டிசம்பரில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கான உச்ச தண்டனையைப் பத்து வருடமாக உயர்த்தினார்கள், அதனால் அது ‘கடுமையான குற்றம்’ பட்டியலுக்குப் போய்விட்டது, பத்து வருடம் போனால் தானாகச் சரியாகிவிடும் என்ற பழைய சலுகை இப்போது அதற்குக் கிடையாது. தண்டனை முடிந்து ஐந்து வருடம் கழித்து ‘மறுவாழ்வு’ என்ற தனி விண்ணப்பம் போடலாம், அதற்கு முன் அவசரம் என்றால் தற்காலிக அனுமதி. அங்கே சட்ட அளவு 80 மில்லிகிராம், நம்மூரில் 30. உங்கள் சீட்டில் 45 என்று இருந்தால் அந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள், வாதத்துக்கு உதவும். பொய் சொன்னால் அங்கே ஐந்து வருடத் தடை. பிரிட்டனில் விசிட்டர் விசாவுக்கு, பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை என்றால் மறுப்பு. அதற்குக் கீழே என்றால் தண்டனை முடிந்து ஒரு வருடம் தாண்டியிருக்க வேண்டும், ஏமாற்றினால் பத்து வருடத் தடை வரலாம். ஆஸ்திரேலியாவும் பன்னிரண்டு மாதத் தண்டனை என்ற கோட்டைத்தான் வைத்திருக்கிறது. ஷெங்கன் படிவத்தில் குற்றப் பதிவு பற்றிய கேள்வியே இல்லை, கேட்காததை எழுத வேண்டியதில்லை. ஜப்பான் ஒரு வருடமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவரையும், அளவு பார்க்காமல் போதைப்பொருள் தண்டனை பெற்றவரையும் விடாது. சிங்கப்பூர் படிவத்தில் எந்த நாட்டுக் கோர்ட்டிலாவது தண்டனை உண்டா என்று கேட்பார்கள், அங்கேயும் அதே பதில்தான்.

கடைசியாக உங்கள் மனைவி. அவர் படிவம் தனி, உங்கள் வழக்கு அவர் விண்ணப்பத்தைத் தொடாது, அவர் அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று போடலாம், அது உண்மை. இருவருக்கும் ஒரே நாளில் அப்பாயின்ட்மென்ட் எடுங்கள், சேர்ந்தே போங்கள். ஆனால் அவருக்கு உடனே விசா கொடுத்து உங்களை மெடிக்கலுக்கோ 221(ஜி)-க்கோ நிறுத்தினால், நீங்கள் வரும் வரை அவரையும் இங்கேயே பிடித்து வைக்காதீர்கள். பிரசவத்துக்கு மகளுக்கு முதலில் தேவைப்படுவது அம்மாதான், டிக்கெட்டைத் தனித்தனியாக, தேதி மாற்றிக்கொள்ளக் கூடியதாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. தீர்ப்பு நகல் வந்ததும் எந்தப் பிரிவுக்கு எவ்வளவு அபராதம் என்பதை மட்டும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.